இரண்டு பேரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்தது

சட்டைக் கம்பெனியில் அவளுக்கு வைத்த பேர் சைரன். காலர் தைக்கும் லைனுக்கு அவள்தான் சூப்பர்வைசர். வரிசையாக மெஷின்கள் கடகடவென்று ஓடுகிற ஹாலில் இந்தக் கோடியிலிருந்து அவள் ஒரு குரல் கொடுத்தால், அந்தக் கோடியில் பட்டன் வைக்கிற பெண் ஊசியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். முதுகுக்குப் பின்னால்தான் அந்தப் பேரைச் சொல்வார்கள். அவளுக்கும் தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொன்னதில்லை, பேர் பொருத்தமாகத்தானே இருந்தது.

கத்துவாளே தவிர, புறம் பேச மாட்டாள். காலர் கோணலாகப் போயிருந்தால் பீஸை எடுத்துக்கொண்டு நேரே தைத்தவளிடமே போய், "இது உன் மெஷின்ல வந்தது, பாரு" என்று மூஞ்சிக்கு நேரே காட்டுவாள். பக்கத்து மெஷின்காரியிடம் சொல்லி அனுப்புவது, ஹெல்பரிடம் ஜாடை காட்டுவது, மேனேஜர் காதில் போய் ஓதுவது, இதெல்லாம் அவளுக்கு ஆகாது. அவள் லீவில் இருந்த ஒரு வாரம் வேறொருத்தி லைனைப் பார்த்துக்கொண்டாள். மனசு நோகக் கூடாதாம், தப்பைத் தைத்தவளிடம் மட்டும் சொல்லவில்லை. அக்கம் பக்கத்தில் எல்லோரிடமும் சொன்னாள். ஒரு லாரி நிறையக் கோணல் காலர் போய், போன வேகத்தில் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் கடைசிவரை விஷயம் தெரியாது. பாவம், அவள்பாட்டுக்கு மும்முரமாகத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அதே கூத்து அவள் வீட்டிலேயே நடந்தது. நடத்தியது அவள் பெற்ற பிள்ளை.

அவள் புருஷன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவள் எவ்வளவு சத்தமோ அவர் அவ்வளவு அமைதி. புதிதாக ஓட்டுகிறவன் பஸ்ஸுக்கு நேரே வண்டியை விட்டாலும் பதற மாட்டார். பக்கத்து சீட்டில் தன் காலடியில் இருக்கிற தனி பிரேக்கை மெல்ல மிதித்துவிட்டு, "ம், இப்ப என்ன பண்ணோம்?" என்று கேட்பார். எப்படித்தான் இந்த இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிறதோ என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். நன்றாகவே ஒத்துப்போனது. பிள்ளைகள் இரண்டும் கல்யாணமாகி அவரவர் வீட்டுக்குப் போன பிறகு இன்னும் நன்றாக ஒத்துப்போனது. ஐம்பதைத் தாண்டினால் கட்டில் தூங்குவதற்கு மட்டும்தான் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. ஊர் நினைப்பைத் திருத்துவது அவர்கள் வேலை இல்லை. அடுப்படியில் அவள் நிற்கும்போது அந்தப் பக்கம் வேலையே இல்லாமல் அவர் இரண்டு தரம் போவார். போகும்போது இடுப்பில் ஒரு கை பட்டுவிட்டுப் போகும். தூங்கும்போதும் அந்தக் கை அவள் மேல்தான் கிடக்கும். "எடுங்க, பாரமா இருக்கு" என்பாள். எடுத்தால் தூக்கம் வராது.

பிறகு ப்ராஸ்டேட்டில் புற்றுநோய் என்றார்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தாகிவிட்டது, ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் பயமில்லை என்றும் சொன்னார்கள். மகன் ஒரு கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவன். லீவு போட்டுவிட்டு வந்து எல்லாவற்றையும் தன் தலையில் எடுத்துக்கொண்டான். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எந்த அறை, எல்லாம் அவன்தான். ஆபரேஷனுக்கு முன்னால் விளக்கம் சொல்ல வந்தவர்களும் அவனோடுதான் பேசினார்கள். "எல்லாருக்கும் வாங்கறதுதான்பா" என்று மகன் காட்டிய இடத்தில் மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் சிஸ்டர் வந்து, கணவன் மனைவி இரண்டு பேரும் டாக்டர் அறைக்கு வர வேண்டும் என்றாள். மகன் எழுந்தான். "அப்பா படுத்திருக்கட்டும். அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது. நான் போயிட்டு வரேன்." போனான், வந்தான். வரும்போது காது இரண்டும் சிவந்திருந்தது.

"என்னடா சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லம்மா. கொஞ்ச நாளைக்கு யூரின் கசியும், தானா சரியாயிடும். வெயிட் தூக்கக் கூடாது. அவ்வளவுதான்."

பெற்ற பிள்ளை சொன்னால் நம்பத்தானே வேண்டும். நம்பினார்கள்.

உயிர் பிழைத்தார், அதில் யாருக்கும் குறை இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் உயிரைப் பற்றியே பேசிவிட்டுப் போனார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த மனுஷன் வேறு மனுஷனாக இருந்தார். கசிவுக்குக் கட்டுகிற பேடை அவள் கண்ணில் படாமல் பாத்ரூம் அலமாரியின் மேல்தட்டில் ஒளித்துவைத்தார். ராத்திரி எழுந்து எழுந்து போக வேண்டியிருக்கிறது, உனக்கும் தூக்கம் கெடும் என்று சொல்லி ஹால் சோபாவில் படுக்கையைப் போட்டார். கசிவு குறைந்த பிறகும் சோபா சோபாவாகவே இருந்தது. வேலைக்குத் திரும்பியதும் கறுப்பு பேன்ட்டாகவே போட்டுக்கொண்டார். சீட்டில் துண்டை மடித்துப் போட்டு, ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு உட்கார்ந்தார். வாழ்நாளில் மாணவன் மேல் சுள்ளென்று விழாதவர் விழ ஆரம்பித்தார். ஒரு பெண் அழுதுகொண்டே வண்டியை விட்டு இறங்கிப் போனதாகக் காதுக்கு வந்தது.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது வேறு. அவர் அவளைத் தொடுவதை நிறுத்திவிட்டார். அடுப்படிப் பக்கமே வருவதில்லை. டம்ளரைக் கையில் வாங்காமல், "அங்க வையி" என்பார். எதிரே வந்தால் சுவரோரமாக ஒதுங்கி வழிவிடுவார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் நடுவில் பையை வைத்துக்கொள்வார். ஒருநாள் அவளே போய் சோபாவில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து முடியைக் கோதினாள். அவர் எழுந்து பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். அவள் அந்த வெறும் தலையணையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவமானமாக இருந்தது.

கண்ணாடி முன்னால் நின்று தன்னைத்தானே மேலும் கீழும் பார்த்தாள். தலைக்குச் சாயம் அடித்தாள். வயிறு தொங்குகிறதா என்று பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். நர்ஸுகளையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவருக்கு நம்மைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்றுகூட நினைத்தாள். அந்த நினைப்பை நினைத்து இப்போதுகூட அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நோயாளி அவர். தன் உடம்பில் குற்றம் தேடிக்கொண்டு நின்றது அவள்.

ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

செக்கப்புக்கெல்லாம் மகன்தான் கூட்டிக்கொண்டு போய், கேட்டதற்கெல்லாம் அவனே பதில் சொல்லிவந்தான். ஒரு தடவை செக்கப்புக்குப் போகிற நாளில் அவன் வெளியூரில் மாட்டிக்கொண்டான். அவள் லீவு போட்டுவிட்டு மாஸ்டரோடு போனாள். அவரை ரத்தம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதே சிஸ்டர் அவளை உட்காரச் சொன்னாள்.

"எப்படி இருக்கார்? கசிவு குறைஞ்சிருக்கா?"

"குறைஞ்சிருக்கு. இருமினா, தும்மினாத்தான்."

"பயிற்சியை விடாம பண்றாரா?"

"என்ன பயிற்சி?"

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "மூத்திரத்தை அடக்குற மாதிரி கீழ்த் தசையை இறுக்கி இறுக்கி விடணும். சொல்லிக்கொடுத்தோமே. சரி, விறைப்புக்கு எழுதின மாத்திரை? பம்ப் வாங்கினீங்களா? உங்களுக்குள்ள மறுபடி ஆரம்பிச்சீங்களா?"

அவள் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்ததைக் கம்பெனியில் ஒருவரும் பார்த்ததில்லை.

"அம்மா, உங்க பையன் ஒண்ணுமே சொல்லலையா?"

"நீங்க சொல்லுங்க."

சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள். விறைப்புக்கான நரம்பு ப்ராஸ்டேட்டை ஒட்டியே ஓடுகிறது. இவருக்கு ஒரு பக்கத்து நரம்பைக் காப்பாற்றியிருக்கிறார்கள், ஆனாலும் அது அடிபட்ட நரம்பு. கொஞ்ச நாளைக்கு எழும்பவே எழும்பாது. சிலருக்குச் சில மாதத்தில் திரும்பும், சிலருக்கு இரண்டு வருஷம்கூட ஆகும், சிலருக்குத் திரும்பாமலும் போகும். அதுவரைக்கும் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளத்தான் மாத்திரையும் கையால் இழுக்கிற பம்ப்பும். இன்னொன்றும் சொன்னாள். எழும்புவது வேறு, சுகம் வேறு. எழும்பாமலே சுகம் வரும். விந்து மட்டும் இனி வராது, அது வராததில் கெடுதல் ஒன்றுமில்லை.

"இதையெல்லாம் எம்பையன்கிட்ட சொன்னீங்களா?"

"டாக்டரே சொன்னார். உங்க ரெண்டு பேரையும்தான் கூப்பிட்டோம். அவர்தான், எங்க அம்மா அப்பா வயசானவங்க, இதெல்லாம் அவங்ககிட்ட பேசினா சங்கடப்படுவாங்க, நானே பக்குவமா சொல்லிக்கறேன்னார்."

அவளுக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை. அப்பாடா என்று இருந்தது. என்னைப் பிடிக்காமல் இல்லை, அவரால் முடியாமல்தான். அந்த நிம்மதி ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அடுத்த மூச்சில் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. பக்குவமாம். ஒரு வருஷமாக என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்திவைத்த பக்குவம்.

மகன் ஊருக்குத் திரும்பிய அன்றே, வேலை முடிந்த கையோடு கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் அவன் வீட்டுக்குப் போனாள். மருமகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மகன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி, "வாம்மா" என்றான்.

"டாக்டர் உங்கிட்ட என்னடா சொன்னாரு?"

"எந்த டாக்டர்?"

"அப்பாவுக்கு ஆபரேஷன் பண்ண டாக்டர். மாத்திரை சொன்னாரே, பம்ப் சொன்னாரே, அது."

அவன் காது மறுபடியும் சிவந்தது. மருமகள் பேனாவை மூடினாள். பேனாவை மூடிய விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உனக்கும் தெரியுமா?"

"அத்தை, நான் அப்பவே இவர்கிட்ட, சொல்லிடுங்கன்னுதான் சொன்னேன்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"அக்காகிட்ட மட்டும் போன்ல கேட்டேன்" என்றான் மகன். "என்ன பண்றதுன்னு. அவளும் இப்ப வேணாம்னுட்டா."

ஆக மகனுக்குத் தெரியும், மருமகளுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், மகளுக்குத் தெரிந்தால் மாப்பிள்ளைக்கும் தெரியாமலா இருக்கும். அந்தக் கட்டிலில் படுக்கிற இரண்டு பேரைத் தவிர குடும்பம் முழுக்கத் தெரியும். உட்கார்ந்து ஆலோசனை வேறு செய்திருக்கிறார்கள்.

"ஏன்டா சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? அவர் ஆரம்பிச்சதுமே எனக்கு உடம்பெல்லாம் கூசிடுச்சு. அப்பாகிட்ட போய் எந்த வாயால அதைச் சொல்வேன்? மருந்துக்கடை வரைக்கும் போனேன். அந்த மாத்திரை பேரைச் சொல்ல முடியல. பின்னாடி நம்ம தெரு ஆள் நின்னுட்டிருந்தார். சும்மா இருமல் மாத்திரை வாங்கிட்டு வந்துட்டேன்."

"இருமல் மாத்திரை" என்றாள் அவள்.

"அப்புறம் சொல்லிக்கலாம்னு தள்ளிப்போட்டுட்டேன். நாளாக ஆக இனிமே எதுக்குன்னு தோணுச்சு. அப்பா நல்லா இருக்காரு, வேலைக்குப் போறாரு. இந்த வயசுல உயிரோட இருக்கறதுதானே முக்கியம்."

"எந்த வயசுல?"

அவன் லேப்டாப்பை மூடினான்.

"எங்க வயசுக்கு எது வேணும், எது வேணாம்னு உன்னை யாருடா முடிவு பண்ணச் சொன்னா? உனக்குக் கூசுச்சு, சரி. கூசுனா வெளிய வந்து, எனக்குக் கூசுது, நீங்களே போய்க் கேளுங்கன்னு சொல்லியிருக்கணும். அதைச் சொல்ல என்ன கேடு? உங்கப்பா ஒரு வருஷமா சோபாவில படுத்திருக்காரு. அவருக்கு என்ன ஆச்சுன்னு அவருக்கே தெரியாது. எனக்கு என்ன ஆச்சுன்னு நான் கண்ணாடியைக் கேட்டுட்டு நின்னேன். நீங்கல்லாம் நல்லாப் படிச்சிருக்கீங்க."

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வேறு நாளாக இருந்தால் அவள் மனசு இளகியிருக்கும். அன்றைக்கு இளகவில்லை. மருமகள் கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்காமலே படி இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்கும் மகன் மேல்தான் கோபம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. அவள் மேல் வந்தது.

"யாரைக் கேட்டு அந்த சிஸ்டர்கிட்ட வாயைத் திறந்த? யாரைக் கேட்டு அவன் வீட்டுக்குப் போன? இப்ப மருமகளுக்கும் தெரியும். நான் எந்த முகத்தோட அந்த வீட்டு வாசலை மிதிப்பேன்?"

"அவளுக்கு முன்னாடியே தெரியும்ங்க. அதைத்தான் சொல்றேன்."

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது. எனக்கு மாத்திரையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அந்தக் கதை முடிஞ்சுபோச்சு. விடு."

பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். பின்னாலேயே போய்ப் பேசலாம் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எதிர் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த மனுஷன் தெரிந்துதான் அங்கே போய் நிற்கிறார் என்று அவளுக்கு உறைத்தது. ஓடிப்போக இடம் இருக்கிறவரைக்கும் இவரிடம் பேச முடியாது.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியிலிருந்து கிளம்பி டிரைவிங் ஸ்கூல் மைதானத்துக்குப் போனாள். மரத்தடியில் வண்டி நின்றது. ஒரு மாணவன் இறங்கிப் போய்விட்டான், அடுத்தவன் இன்னும் வரவில்லை. மாஸ்டர் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அவள் இந்தப் பக்கம் வந்து, கற்றுக்கொள்கிறவர்கள் உட்காரும் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்தினாள். அவர் விழித்தார்.

"கண்ணாடியை ஏத்துங்க."

"வேணாம். வாடை வரும்."

"வரட்டும். ஏத்துங்க."

அவள் குரல் அவருக்குத் தெரியும். ஏற்றினார்.

கோபத்தில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே பேசினாள்.

"எழும்பலைன்னு எனக்குக் கோபம் இல்ல. அது டாக்டர் அறுத்தது. உயிருக்காக அறுத்தாரு, சரி. எனக்கு அது வேணும்தான், இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா அடுப்படியில வந்து இடிச்சிட்டுப் போவீங்களே, அதை எந்த டாக்டர் அறுத்தாரு? தூங்கும்போது மேல கை போடுவீங்களே, அதுக்கு எந்த நரம்பு வேணும்? டாக்டர் எடுத்தது ஒண்ணுதான். மிச்சத்தையெல்லாம் எடுத்துட்டுப் போனது நீங்க. ஒரு வார்த்தை சொல்லாம எடுத்துட்டுப் போனீங்க. உங்க பையனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

கடைசி வார்த்தை கத்தலாகவே வந்தது. வண்டி ஓடவே இல்லை, எஞ்சின்கூட அணைந்துதான் கிடந்தது. ஆனாலும் அவர் கால் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். அவரும் பார்த்தார். காலை எடுத்தார்.

சீட்டில் போட்டிருந்த துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே சொன்னார். "நீ தொட்டா எனக்குப் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"தொட்டா அடுத்து என்னன்னு இருக்குல்ல? அடுத்தது எங்கிட்ட இல்ல. நீ கையை வச்சாலே பரீட்சை ஹால்ல உக்காந்த மாதிரி இருக்கு. எழுதத் தெரியாதவன் எதுக்கு ஹாலுக்குள்ள போவான்? அதான் வாசல்லயே நின்னுட்டேன். வீட்டுக்கு வந்த புதுசுல தனியா இருக்கும்போது பார்த்தேன். அசையல. ஆயுசுக்கும் இப்படித்தான்னு நினைச்சேன். யாரும் எதுவும் சொல்லல, நானும் கேக்கல. வீட்டுல ஒரு ஆம்பளை செத்துட்டான்னு நினைச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்."

"உங்களுக்கு யாரு பரீட்சை வச்சா?"

அவர் முகம் கோணிக்கொண்டு வந்தது. அடுத்த மாணவன் மரத்தடிக்கு வந்து, மாஸ்டர் சீட்டில் மாஸ்டரும் தன் சீட்டில் ஒரு அம்மாவும் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஏதோ பெரிய விபத்து என்று நினைத்து அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரைப் பார்க்கப் போனார்கள். டாக்டர் கைதேர்ந்தவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் பேசும்போது கம்ப்யூட்டர் திரையைத்தான் பார்த்தார். எல்லாவற்றையும் உங்கள் மகனிடம் விளக்கமாகச் சொன்னேனே என்றார்.

"எங்களை ஏன் சார் மறுபடி கூப்பிடல?"

"உங்க பையன் படிச்சவரு. விஷயம் புரிஞ்சவரு. அவரே சொல்லிக்கறேன்னாரு."

"அவன் படிச்சவன்தான். படுக்கை எங்களோடது."

டாக்டர் அப்போதுதான் திரையை விட்டுக் கண்ணை எடுத்தார். மாஸ்டர் நெளிந்தார், ஆனால் எழுந்து போகவில்லை. போவதற்கு அங்கே பால்கனி இல்லை. நெஞ்சுவலிக்கு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா, அதோடு இது சேராது என்று டாக்டர் விசாரித்தார், இல்லை என்றதும் மாத்திரை எழுதினார். ஆரம்பத்திலேயே தொடங்கியிருந்தால் நல்லது, இப்போதும் தொடங்கலாம், ஆனால் பழையபடி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். ஊசி ஒன்று இருக்கிறது, அதைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

அந்த ஆரம்பத்திலேயே என்ற வார்த்தை அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. வெளியே வந்து படி இறங்கும்போதும் குடைந்தது. போன வருஷத்தை எந்த மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது? யாரைத் திட்டினாலும் அது திரும்பி வரப்போவதில்லை. திரும்பி வராது என்பதால் திட்டாமலும் இருக்க முடியவில்லை. மருந்துக்கடையில் பின்னால் நாலு பேர் நின்றார்கள். மாத்திரையின் பேரைக் கடைக்காரர் காதில் விழுகிற மாதிரி அவளே கேட்டு வாங்கினாள்.

பம்ப் என்பது ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு முனையில் கைப்பிடி. மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சைக்கிளுக்குக் காத்தடிக்கறதை உல்டாவாப் பண்ணியிருக்கான்" என்றார். முதல் தடவை அவசரப்பட்டு இழுத்து வலித்தது, கோபத்தில் தூக்கி மூலையில் எறிந்தார். அவள் எடுத்துத் துடைத்துவைத்தாள். மாத்திரையில் தலைவலிதான் வந்தது. சோபாவில்தான் படுத்தார். ஆனால் படுத்துக்கொண்டே மூச்சைப் பிடித்துக் கீழ்த் தசையை இறுக்குவது அவர் முகத்திலேயே தெரியும். "மூஞ்சியை ஏன் இறுக்கறீங்க, சிஸ்டர் அதைச் சொல்லலையே" என்று உள்ளேயிருந்து கத்துவாள். பல மாதத்துக்கு அப்புறம் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

மகன் போன் செய்தான், அவள் எடுக்கவில்லை. மருமகள் செய்தால் மட்டும் இரண்டு வார்த்தை பேசினாள். மாஸ்டர் யார் செய்தாலும் எடுக்கவில்லை. மகன் வீட்டுப் பக்கம் போவதில்லை, அவன் வந்தாலும் முகம் காட்டுவதில்லை. ஒருநாள் அவன் வந்து ஹாலில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க மாஸ்டர் பாத்ரூமிலேயே இருந்தார். தப்புச் செய்தவன் ஹாலில் உட்கார்ந்து டீ குடிக்கிறான், இவர் குற்றவாளி மாதிரி உள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறார். அவளுக்கு அதுதான் வயிறெரிந்தது. மருந்து வேலை செய்யுமோ செய்யாதோ, இந்த வெட்கம் போகாமல் இவர் தன் பக்கம் முழுசாக வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கம்பெனிக்கு லீவு விட்ட ஒரு மத்தியானம். டிரைவிங் ஸ்கூல் வண்டியும் சர்வீஸுக்குப் போயிருந்தது. மாஸ்டர் சாப்பிட்டுவிட்டு ஹாலில் கொஞ்ச நேரம் நின்றார். சோபாவைப் பார்த்தார். பிறகு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து கட்டிலில் தன் பழைய பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சினிமாவில் வருகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. பம்ப் அரைகுறையாகத்தான் வேலை செய்தது, செய்ததும் நிற்கவில்லை. அவர் முகம் விழுந்தது. எழுந்துபோகப் பார்த்தார்.

"எங்க போறீங்க? அது கிடக்கட்டும் ஒரு ஓரமா. சிஸ்டர் சொன்னதை மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. இருந்தார். கை பழைய இடங்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது, வழி தெரிந்த கைதான். அவளுடைய கையும் சும்மா இருக்கவில்லை. எழும்பாமலே அவருக்குச் சுகம் வந்தது. வந்தபோது அவர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார், இது இன்னும் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. கூடவே கொஞ்சம் கசிந்து விரிப்பு நனைந்தது. "ஐயோ" என்றார். "துணிதானே, நனைஞ்சா துவைச்சுக்கலாம்" என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண் நிறைந்தது. அது சந்தோஷம் மட்டும் இல்லை. இது இருக்கிறது என்று ஒரு வருஷம் முன்னாலேயே ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருக்கலாமே என்கிற ஆத்திரம்தான் பாதிக்கு மேல்.

அப்போதுதான் வாசலில் பெல் அடித்தது.

இரண்டு பேரும் அசையாமல் கிடந்தார்கள். மறுபடி அடித்தது. அவள் புடவையைத் தேடி எழுந்தாள். மாஸ்டர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "படு."

பிறகு குரலை உயர்த்தினார். "யாரு?"

"நான்தான்பா" என்றான் மகன் வெளியிலிருந்து. "ஆரஞ்சு வாங்கிட்டு வந்தேன். அம்மா இல்லையா?"

பாத்ரூம் கதவு பக்கத்தில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்ததை அவள் பார்த்தாள்.

"உங்கம்மா எங்கூடப் படுத்திருக்கா" என்றார். "பழத்தை வாசல்ல வச்சிட்டுப் போ. நாளைக்கு வா, பேசுவோம்."

வெளியே கொஞ்சம் பொறுத்துப் பை தரையில் உரசுவது கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் வேகவேகமாகப் படி இறங்கியது.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்" என்றாள் அவள்.